பூனையும் வினைமுற்றும்

செஞ்சி
3-11-1966

பெருமதிப்பிற்குரிய என் வீட்டுக்காரருக்கு மருதேவி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

அருகன் அருளால் இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் பசுவும் அதன் கன்றும்தான். மூன்று பேரும் வேளைக்குத் தின்கிறோம். ராத்திரியில் அவை இரண்டும் நன்றாகத் தூங்குகின்றன. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதமும் தர்மவதியின் கடிதமும் பட்டணத்திலிருந்து ஒரே உறையில் வந்தன. உங்களுடையது ஒரு கடிதமா? 'நலம். மருந்து சாப்பிடுகிறேன். பசுவுக்குப் பிண்ணாக்கு வாங்கவும்.' மண்டியில் மல்லாட்டை மூட்டைக்குச் சீட்டு எழுதுகிற கை, பெண்டாட்டிக்கும் சீட்டுதான் எழுதும் போலிருக்கிறது. நல்லவேளை, நம் மகள் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்.

நைனாவுக்கு இழுப்பு பாதிக்குமேல் அடங்கிவிட்டது, ஆனால் பொட்டுத் தூக்கம் இல்லை, விடிய விடிய ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறாள். ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கினால்தான் ஊருக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே? இழுப்பு இருந்தபோது தூங்கவில்லை, அது நியாயம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, மனிதன் எப்படித் தூங்குவான்? இழுப்பு அடங்கிய பிறகும் தூங்கவில்லை என்றால் இது என்ன கூத்து? தீபாவளிக்கு வந்துவிடுவீர்கள் என்று சாமுண்டீஸ்வரியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் தினமும் வேலிக்குமேல் தலையை நீட்டி, "அண்ணன் எப்ப வராரு, வராரா வரலியா" என்று கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

அந்த டாக்டர் உங்களைச் சேட்டு ஆக்கிய கதையை தர்மவதி எழுதியிருந்தாள். ஜைனர் என்று நீங்கள் சொன்னதும், "தமிழ் நல்லாப் பேசறீங்களே சேட்ஜி, ராஜஸ்தான்ல எந்தப் பக்கம்" என்று கேட்டாராமே! நீங்கள் எழுந்து நின்று, "இந்தக் கோட்டைக்குக் கல்லு தூக்கறதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க செஞ்சியில கம்பு விதைச்சவங்க" என்றீர்களாம். கோட்டை எங்கே, டாக்டர் எங்கே, அந்த மனிதருக்கு என்ன புரிந்திருக்கும்? வீட்டுக்கு வந்து, இனிமேல் அந்த ஆளிடம் நம் சமாசாரம் எதுவும் பேசமாட்டேன், நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவேன், அவ்வளவுதான் என்று சபதம் போட்டீர்களாம். நான் சிரித்த சிரிப்பில் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த காத்தாயி கரிக்கையோடு ஓடி வந்துவிட்டாள்.

ராத்திரித் துணைக்குக் காத்தாயிதான் கூடத்தில் வந்து படுக்கிறாள். தலை கீழே பட்டதும் குறட்டை. அந்தக் குறட்டைக்குக் கன்றுக்குட்டி எழுந்து நிற்கிறது. ஆனால் பாருங்கள், எனக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. இத்தனை வருஷம் உங்கள் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள். சத்தம் இருந்தால் தூங்குவேன், சத்தம் நின்றால் திடுக்கென்று விழித்து உங்கள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். இப்போது தினமும் விழிப்பு வந்து, கை தானாக உங்கள் பக்கம் போகிறது. அங்கே தலையணைதான் இருக்கிறது. நேற்று காத்தாயி முழித்துக்கொண்டு, "இன்னாம்மா, தூங்கலியா, இன்னா தேடற" என்றாள். எனக்குச் சுரீரென்றது.

அதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? சீயமங்கலத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. ஐப்பசி அடைமழை. கட்டிலுக்குக் கீழே பூனைக்குட்டி ஒன்று மாட்டிக்கொண்டு கத்துகிறது என்று நினைத்து, விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். "இன்னா தேடற" என்றீர்கள். பூனைக்குட்டி என்றேன். நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிக்கச் சிரிக்கப் பூனை அதிகமாகக் கத்தியது. அப்புறம்தான் அது எங்கே குடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது! மாப்பிள்ளைக்கு இழுப்பு உண்டு என்று உங்கள் வீட்டில் ஒருவர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எங்கள் நைனா பெண் கொடுத்திருக்கமாட்டார். அதனால் உங்கள் அம்மாவை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.

அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயர் பூனைதானே. ராஜகிரியின் உச்சி மேகத்தில் மறைந்தால், "இன்னிக்குப் பூனை வரும், தலையணையை அடுக்கு" என்பீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிவிட்டு, கீழே தாயக்கட்டம் கீறிவிட்டு உட்காருவேன். நீங்கள் ஆடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். பகலில் மண்டி, ஆள், மூட்டை, தராசு. 'சாப்பாடு ஆச்சா, மாடு கறந்துச்சா' என்பதோடு சரி. பூனை வந்த ராத்திரிகளில்தான் நீங்கள் என் புருஷன். மாசி, பங்குனியில் நீங்கள் நன்றாகத் தூங்குவீர்கள், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊரெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேச்சு, நம் வீட்டில் மட்டும் இல்லை என்று ஒரு ஏக்கமும் இருக்கும். இதை இப்போதுதான் சொல்கிறேன்.

புதுச்சேரிக் கதையை மறக்கவே முடியாது. பையனாக உங்கள் மாமா கடையில் இருந்தபோது ஒரு பிரெஞ்சுக்காரர் ரொட்டி கொடுத்தாரே, அது. முட்டை போட்டிருப்பானோ என்று உங்களுக்குப் பயம், பசியோ வயிற்றைக் கிள்ளுகிறது. "அந்த ரொட்டியை நான்..." என்றீர்கள். மூச்சு வாங்கியது. தின்றாரா, எறிந்தாரா, நாய்க்குப் போட்டாரா என்று நான் தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறேன். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும், அது வரும்வரை பொறுத்திருங்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்வார். இழுப்புக்காரரைக் கட்டிக்கொண்ட எனக்கு அது வாழ்க்கை முழுக்கப் பாடமாகிவிட்டது. கடைசியில், "கடல்ல போட்டேன், அது மெதந்துக்கினே திரும்ப வந்துட்டுது" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்ததில் பொழுதே விடிந்துவிட்டது.

பட்டணம் போகிற அன்று பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான் செய்தீர்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "மருதேவி, நீ இல்லாம அங்க நான்..." என்றீர்கள். பூனை குறுக்கே வந்தது, கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். வினைமுற்று இல்லாமல் பஸ் போய்விட்டது. நீ இல்லாமல் அங்கே நான் என்ன? தூங்கமாட்டேனா? நன்றாக இருப்பேனா? நிம்மதியாகச் சாப்பிடுவேனா? யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது. அடுத்த சீட்டிலாவது எழுதுங்கள்.

மழை பரவாயில்லை. செட்டிக்குளம் பாதி நிரம்பியிருக்கிறது. ரேஷனில் இந்த வாரமும் அரிசி இல்லை, கோதுமைதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தலையோடு காற்றில் நிற்க வேண்டாம்.

தங்கள்
மருதேவி


செஞ்சி
14-11-1966

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

சுகம் விசாரிக்க நேரமில்லை. முதலில் அந்த மாத்திரைகளைக் கீழே வையுங்கள். வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

தர்மவதி கடிதம் இன்று காலையில் வந்தது. மாடி வீட்டுக்காரர் தனக்கு வைத்திருக்கும் தூக்க மாத்திரையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறாராம். நீங்கள் அதைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு, புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிவிடப் போகிறீர்களாம். 'ராவு பூரா தூங்கினேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு மத்தியான பஸ்ஸைப் புடிச்சுடுவேன்' என்று மாப்பிள்ளை ஜினசேனனிடம் ரகசியமாகச் சொன்னீர்களாம். அவர் என்றைக்கு ரகசியம் காத்தார்? என்னைப் பார்க்கத்தான் இந்த அவசரம் என்று எனக்குத் தெரியாதா! தெரிந்துதான் அழுதேன். ஆனால் சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தை ஏமாற்றுகிற மாதிரி டாக்டரை ஏமாற்றுவார்களா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஆதிமூலத்திடம் போனேன். தூக்க மாத்திரை என்றதுமே அவர் கையை உதறினார். "இழுப்பு இருக்கறவங்களுக்கு அது கூடாதும்மா. தூக்கத்துல மூச்சு அடங்கிப்போவும். நெஞ்சு திணறினாலும் முழிப்பு வராது. அதனாலதான் அந்த டாக்டரே கொடுக்காம இருக்காரு" என்றார். அங்கேயே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில்தான் இன்னொன்று பொறி தட்டியது. தர்மவதி உங்கள் மருந்தையெல்லாம் எழுதியிருந்தாள். இழுப்புக்குக் கொடுத்த வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. நீங்களோ விரதக்காரர், இருட்டினால் தண்ணீர்கூடத் தொடமாட்டீர்கள். அப்படியானால் படுக்கும்போது போடவேண்டியதை எப்போது போடுகிறீர்கள்? எனக்குத் தெரியும். வெயில் இருக்கும்போதே சோற்றை முடித்துக்கொண்டு, சாயங்கால மாத்திரையையும் ராத்திரி மாத்திரையையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். ஆமாவா இல்லையா? அவலூர்பேட்டை வைத்தியர் கஷாயம் கொடுத்தபோதும் இதைத்தானே செய்தீர்கள்! தேனில் குழைக்கச் சொன்ன பொடியை, தேனீயைக் கொன்று எடுக்கிற தேன் நமக்கு ஆகாது என்று வெல்லப்பாகில் குழைத்தீர்கள், போகட்டும். ராத்திரிக் கஷாயத்தையும் சாயங்காலமே சேர்த்துக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்கிறது என்று கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தீர்கள். கேட்டதற்கு, "மொத்தம் சரியாத்தானே இருக்குது" என்றீர்கள். தராசுத் தட்டில் போடுகிற மல்லாட்டையா அது, மொத்தம் சரியாக இருந்தால் போதும் என்பதற்கு?

ஆதிமூலத்திடம் இதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மாத்திரை நெஞ்சைத் திறக்கும், கூடவே தூக்கத்தையும் விரட்டுமாம். ஒன்றுக்கே சிலருக்குக் கண் மூடாதாம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் கை நடுங்கும், நெஞ்சு ஓடும், எங்கிருந்து தூக்கம் வரும் என்று கேட்டார். சாயங்காலம் சேர்த்துப் போடுவதால் விடிகிற நேரத்தில் மருந்து தீர்ந்து மறுபடி இரைப்பும் வருமாம். இரைப்பு அடங்கினாலும் தூக்கமில்லை, தூக்கத்தைக் கொடுத்தும் இரைப்பு முழுசாகத் தீரவுமில்லை. இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டேன். அதைப் பட்டணத்து டாக்டர்தான் சொல்லவேண்டும், ஆனால் விரதத்தை அவரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும் என்றார். நியாயம்தானே? சேட்ஜி என்று கூப்பிட்டுவிட்டார் என்ற கோபத்தில் நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டீர்கள்.

விரதத்தை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தர்மவதிக்கு டைபாய்டு வந்து, பிழைக்கமாட்டாள் என்று எல்லாரும் கைவிட்டபோது சித்தாமூர் கோயிலில் நின்று எடுத்த விரதம் அது. அவளுக்கும் அது தெரியும், அதனால்தான் அவளும் வாய் திறப்பதில்லை. ஆனால் விரதத்தைச் சொல்வதில் என்ன வெட்கம்? புதன்கிழமை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, 'ஐயா, நாங்கள் பொழுது சாய்ந்தால் எதுவும் சாப்பிடமாட்டோம், அதனால் மாத்திரையை இப்படிப் போட்டுவிட்டேன்' என்று சொல்லுங்கள். அவர் உங்களை குஜராத்தி என்று நினைத்தாலும் சரி, ஜப்பான்காரர் என்று நினைத்தாலும் சரி. சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி கொடுக்கத்தான் முதலில் போனேன். தபாலாபீசில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டார்கள். தூக்க மாத்திரை போடாதே என்று சொன்னேன். அங்கே நின்றிருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அஜிததாஸ் நயினார் விஷம் குடிக்கப் பார்க்கிறார் என்று சந்தைக்குள் செய்தி போய்விடும் என்று பயந்து வெளியே வந்துவிட்டேன். மேலும் தந்தி என்றாலே தர்மவதி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மயங்கி விழுவாள். அதனால் இதை மண்டி லாரியில் பட்டணம் போகிற விநாயகத்திடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலையில் உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரே நிற்கச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் அந்த மாத்திரைகளை அவனிடம் கொடுங்கள். கொண்டுவந்து என்னிடம் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நீங்கள் சீக்கிரம் வரவேண்டாம். மெதுவாக வாருங்கள். மாதம் ஆனாலும் ஆகட்டும். விழித்துக்கொண்டே இருந்தாலும் இருங்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மருதேவி


செஞ்சி
27-11-1966

என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்கு மருதேவி வணக்கம். சௌக்கியம் என்று இன்றைக்கு மனசாரவே எழுதலாம்.

விநாயகம் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அடுப்பில் போட்டேன். அது எரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். "நயினாரு படிச்சுட்டு மூக்கை மட்டும் சிந்தினாரு" என்றான். ஜலதோஷம்தானே? வேறு ஒன்றும் இல்லையே?

பிறகு உங்கள் கடிதம் வந்தது. இரண்டு பக்கம்! கையெழுத்தைப் பார்த்துவிட்டு வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா நயினார், தப்பு என் மேலயும்தான்" என்றாராமே. சேட்ஜி போய் நயினார் வந்துவிட்டது. நல்ல மனிதர். ராத்திரி மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, சாயங்காலத்துக்கு அரை மாத்திரையாக்கி, ராத்திரி மூச்சு முட்டினால் வாயில் வைத்து அழுத்தி இழுத்துக்கொள்ள ரப்பர் உருண்டை வைத்த கண்ணாடிக் குழாய் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்துப் புகையை இழுத்தால் விரதத்துக்குப் பங்கமா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். ஏன், ராத்திரியில் நான் ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை போட்டபோதெல்லாம் இழுத்தீர்களே, அப்போது விரதம் எங்கே போயிருந்தது? காற்றைச் சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தைரியமாக இழுங்கள்.

நீங்கள் தூங்கிய சேதியை தர்மவதி எழுதியிருக்கிறாள். நடு ராத்திரியில் வீட்டில் சத்தமே இல்லை என்று பயந்து எழுந்துபோய், உங்கள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாளாம். மூச்சு சீராக வந்ததாம். அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாளாம். அவளை நான் பெற்றேன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வருகிறீர்கள் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, சாமுண்டீஸ்வரியிடம் மட்டும்தான் சொன்னேன். மண்டித் தூசியில் இனிமேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை முதலாளி பெரியதம்பியிடம் போய்ச் சொன்னேன். சாக்கு உதறுகிற இடத்துக்கு நீங்கள் வரவேண்டாம், தெருப்பக்கத்து அறையில் உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார். எடைபோடுகிற துரைக்கண்ணு, "நயினாரு இருமற சத்தம் இல்லாம மண்டியே மண்டி மாதிரி இல்ல" என்றான். போடா போக்கிரி என்றேன்.

மேகம் விலகிவிட்டது. ராஜகிரி உச்சியில் இருக்கிற கட்டிடம் வாசலில் நின்றாலே தெரிகிறது. தலையணைகளை வெயிலில் காயப்போட்டேன். எத்தனை அடுக்குவது என்று தெரியாமல் நின்றேன். இனிமேல் உங்களுக்கு ஒன்று போதும் அல்லவா?

ஒன்று சொல்லவேண்டும். பூனையைப் பட்டணத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். அது இல்லாமல் இவளுக்குத் தூக்கம் வராதே என்று நீங்கள் யோசிக்கவேண்டாம். வராவிட்டால் போகிறது, நீங்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு மழைக்காலத்திலும் நீங்கள் கால் நீட்டி, வாய் மூடி, ராஜா மாதிரி தூங்கி நான் சரியாகப் பார்த்ததில்லை.

எனக்கு இருப்பதெல்லாம் ஒரே ஒரு கவலைதான். நாம் பேசிக்கொண்டதெல்லாம் ராத்திரியில். நீங்கள் ராத்திரியில் தூங்கிவிட்டால், இனிமேல் பகலில்தான் பேசவேண்டும். பகலில் உங்களோடு என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணப் பெண் மாதிரி வெட்கமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். தாயக்கட்டத்தைக் கூடத்தில் கீறி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, கொஞ்சநேரம் உட்காருங்கள். மண்டி ஓடிவிடாது.

பஸ் ஸ்டாண்டில் பாதியில் விட்டீர்களே, அந்த வினைமுற்றை நீங்கள் கடைசிக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டாம். இப்போது உங்களுக்கு மூச்சு தாராளமாக இருக்கிறது. என் எதிரே உட்கார்ந்து, முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அது என்னவாக இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருப்பேன்.

அருகன் துணை இருக்க, ஜன்னலோரம் உட்காராமல் வாருங்கள். காற்று ஆகாது.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மருதேவி